மாம்பழ நிறத்தில் ஒரு சுவர்

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து, கோயிலுக்கு வெளியே வண்டிகள் நிறுத்தும் இடத்தில் எங்கள் அன்பியத்துக்காரர்கள் கூடி நின்றோம். இரவு பெய்த மழையில் தரையெல்லாம் ஈரம். யாரோ வாங்கிவந்த காபியின் வாசனையும் பெட்ரோல் வாசனையும் சேர்ந்து அடித்தன.

அன்பியம் என்றால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே பகுதியில் இருக்கிற பத்துப் பதினைந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடி செபம் சொல்லி, பாட்டுப் பாடி, காபி குடித்துக் கலைவது. வீடு முறைவைத்து மாறும். அந்த முறைப் பட்டியலை வாசிக்கிற வேலை ஸ்டீபன் சாருடையது. பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் வரிசைப்படி செய்வார்.

"இந்த மாசம் லூர்துமேரி வீட்ல முடிஞ்சுது. அடுத்தது பிலோ டீச்சர்... அது வேணாம், டீச்சருக்கு சிரமம். அதுக்கு அடுத்தது..."

பிலோ டீச்சர் நான்தான். பிலோமினா. ஆறு வருடமாக அந்தப் பட்டியல் என் பெயரை இப்படித்தான் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது.

அன்றைக்கு எங்கள் பகுதிக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு இளம்பெண் வெகுளியாகக் கேட்டுவிட்டாள். "ஏன் சார், டீச்சர் வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

ஸ்டீபன் சார் குரலைத் தாழ்த்தினார். "அதெல்லாம் இல்லம்மா. வீடு கொஞ்சம் அப்படி."

அவர் கெட்ட மனிதர் இல்லை. என்னைக் காப்பாற்றுவதற்குத்தான் குரலைத் தாழ்த்தினார். ஆனால் அந்தத் தாழ்ந்த குரல் என் காதில் விழுந்த விதம் இருக்கிறதே, நடுமுதுகில் யாரோ குளிர்ந்த தண்ணீரை ஊற்றினதுபோல இருந்தது.

"சார், அடுத்த மாசம் எங்க வீட்லயே வைங்க" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாலடி தள்ளி, ஸ்கூட்டர் சீட்டில் இருந்த மழைத்தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்த என் கணவர் ஆரோக்கியராஜின் கை அப்படியே நின்றுவிட்டது.

தற்காலிகம் என்ற சொல்

வீடு எப்படி? பெங்களூர் தொம்மலூரில் பெரிய ஆபீஸ் கட்டடங்களுக்கு நடுவே பழைய ஊர் இன்னும் இருக்கிறது. இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கவேண்டிய சந்துகள். அதில் ஒன்றில், கீழே வீட்டுக்கார அம்மா ரத்னம்மா, நடுமாடியில் இரண்டு ஆபீஸ் பெண்கள், அதற்கு மேல் மாடியில் நாங்கள். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒருவர் மட்டும் திரும்பக்கூடிய சமையலறை. ஹாலின் பெரிய சுவரில் மேலிருந்து கீழ்வரை ஈரம் இறங்கிப் பூத்திருக்கும். தொட்டால் மாவு மாதிரி கொட்டும்.

அதற்கு முன்பு நாங்கள் ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்தோம். அது என் மாமனார் வீடு. ஹாலில் நாற்பது பேர் உட்காரலாம். அண்ணன் தம்பி நான்கு பேரும் விற்றுப் பிரித்துக்கொண்டபோது, எங்களுக்கு வந்த பங்கு மகள் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் சரியாகப் போனது. அவள் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள், சந்தோஷமாக இருக்கிறாள். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

வருத்தம் ஆரோக்கியராஜுக்கு. அவர் பிறந்த வீடு அது. வாசலில் நின்று "வாங்க வாங்க" என்று ஊரையே வரவேற்ற மனிதர், தொம்மலூருக்கு வந்த பிறகு வாயைப் பூட்டிக்கொண்டார். "இது தற்காலிகம்தானே" என்றார். அந்தச் சொல்லை நம்பி நாங்கள் அட்டைப் பெட்டிகளைப் பிரிக்கவே இல்லை. ஒரு பெட்டிமேல் டிவி. ஒரு பெட்டிமேல் இஸ்திரி போடவேண்டிய துணிகள். நடுவில் பாய் விரித்துச் சாப்பாடு. தற்காலிகம் ஆறு வருடமாகிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் உடன் வேலை பார்க்கும் யாராவது காரில் கொண்டுவந்து விடுகிறேன் என்றால் மெயின் ரோட்டிலேயே இறங்கிக்கொள்வேன். "உள்ள கார் போகாது" என்பேன். கார் போகும்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் பள்ளி ஸ்டாஃப் ரூம் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "உங்களுக்கு வாய் ஜாஸ்தி டீச்சர்" என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். அம்மா, அந்த வாய் வீட்டு வாசல்வரைக்கும்தான்.

செங்கல் சுவர் விழுந்த கதை

"ஆறு வருஷமா யாரையும் கூப்பிடல. இப்போ என்ன திடீர்னு?" வழியில் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே அவர் கேட்டார்.

"கூப்பிட்டாச்சு."

"அப்போ அன்னிக்கு நான் ஓவர்டைம் போட்டுக்கறேன். நீயே நடத்திக்கோ."

பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் அவர் சூப்பர்வைசர். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினால் அந்தப் பாகத்தைத் தூக்கி எறிகிற வேலை. வீட்டிலும் அப்படித்தான். ஒன்று சரியாக வராது என்று தோன்றினால் அதில் கையே வைக்கமாட்டார்.

நான் ஷீலாவுக்கு போன் போட்டேன். ஷீலா அவருடைய தம்பி மனைவி. பக்கத்து ஏரியாவில் அபார்ட்மெண்ட், எங்கள் அன்பியம்தான். அவள் வீட்டில் சோபா, திரை, பூஜாடி எல்லாம் மழை மேகத்தின் நிறம். வந்தவர்கள் எல்லோரும் "கிளாஸா இருக்கு" என்று சொல்லும் வீடு.

"அக்கா, நியூட்ரலா போங்க. கிரே, ஒயிட், அவ்வளவுதான். சுவத்துக்கு ஒட்டற பேப்பர் வருது, செங்கல் டிசைன். பாக்க ரிச்சா இருக்கும், செலவும் கம்மி" என்றாள். அவளே போனில் ஆர்டர் போட்டும் கொடுத்தாள்.

சாம்பல் நிறச் செங்கல் பேப்பர் வந்தது. ஒருநாள் முழுக்க நாற்காலிமேல் ஏறி நின்று ஒட்டினேன். தள்ளி நின்று பார்த்தபோது ஏடிஎம் அறை மாதிரி இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எனக்குப் பிடிக்காத ஒன்று என்றால் அதுதான் நல்ல ரசனையாக இருக்கும் என்று நம்பியே வளர்ந்தவள் நான். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மதியம், அவர் சுவரோரமாக உட்கார்ந்து கறிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேல் ஓரத்தில் பேப்பர் மெதுவாக விலகியது. அவசரமே படாமல், பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லுவதுபோலக் குனிந்து குனிந்து வந்து, அவரையும் தட்டையும் சேர்த்து மூடிவிட்டது.

செங்கல் சுவருக்குள்ளிருந்து "பிலோ" என்று ஒரு குரல் மட்டும் வந்தது.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. விக்கல் வரும்வரை சிரித்தேன். அவர் பேப்பரை விலக்கிக்கொண்டு எழுந்தார். முகத்தில் பசை. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கையை வைத்து அழுத்திப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார்.

"ஈரம் உள்ள இருந்து வருது. நீ மேல எதை ஒட்டினாலும் விழும்" என்றார். கையைக் கழுவிவிட்டு நேராக மொட்டைமாடிக்கு ஏறிப் போனார். ஆறு வருடத்தில் அந்தச் சுவரை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இல்லாத தங்கைக்கு வாங்கிய சேலைகள்

அவர் மேலே போனதும், அந்த அழுக்குச் சுவரை அப்போதைக்கு மறைக்க எதையாவது தேடினேன். பரண்மேல் என் தகரப் பெட்டி இருந்தது. அதை இறக்கினேன்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லவேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

எனக்குப் பத்துப் பதினொரு வயது. கோயில் திருவிழாப் பவனியில் பூத்தட்டு தூக்கும் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. அம்மா கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் துணி எடுத்து ராணி பிங்க் நிறத்தில் கவுன் தைத்துப் போட்டார். நான் அதில் மிதந்துகொண்டு போனேன். கோயில் கேட்டில் அம்மாவுக்குத் தெரிந்த ஒரு அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்து, "நல்ல கவுன்தான். ஆனா இவளுக்கு இந்தக் கலர் எடுக்காதே. இன்னும் கறுப்பாத் தெரியுறா பாரு" என்றார். திட்டவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு அம்மா எனக்கு எடுத்ததெல்லாம் சாம்பல், சந்தனம், இளநீலம். கல்யாணச் சேலைகூட சந்தன நிறம். டீச்சராகி நானே சம்பாதித்து நானே கடைக்குப் போனபோதும் என் கை அந்த மூன்று நிறத்துக்குத்தான் போனது.

அப்படியும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, தள்ளுபடி நேரத்தில், ஏதோ ஒரு சேலை என்னை நிறுத்திவிடும். கிளிப்பச்சை. மயில்கழுத்து நீலம். அரக்குச் சிவப்பு. கடைக்காரர் "யாருக்கும்மா?" என்பார். "தங்கச்சிக்கு" என்பேன்.

எனக்குத் தங்கை கிடையாது. அந்த இல்லாத தங்கைக்குப் பதினொரு சேலைகள் சேர்ந்திருந்தன. ஒன்றையும் உடுத்தியதில்லை. வீட்டில் யாருமில்லாதபோது எடுத்துத் தடவிப் பார்ப்பதோடு சரி.

பெட்டியைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாசனை. மேலாக இருந்தது ராணி பிங்க். பரண் விளிம்பில் இரண்டு அட்டைப் பெட்டிகளுக்கு அடியில் ஒரு ஓரத்தைச் செருகி, மீதியைச் சுவர் மறையும்படி தொங்கவிட்டேன்.

எங்கள் ஜன்னலுக்கு எதிரே கண்ணாடி போர்த்திய ஒரு ஆபீஸ் கட்டடம். மாலை நான்கு மணிக்கு வெயில் அந்தக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி எங்கள் ஹாலுக்குள் விழும். ஆறு வருடமாக அது கண்ணைக் கூசுகிற ஒரு தொல்லை. அன்றைக்கு அந்த வெளிச்சம் சேலையில் பட்டது.

அறை முழுவதும் நிறம் பரவியது. தரை, கூரை, டிவி, இஸ்திரித் துணி எல்லாம் பிங்க். என் கையைப் பார்த்தேன். என் கறுப்புக் கை, புளி போட்டுத் துலக்கிய செம்புபோலப் பளபளத்தது. எடுக்காது என்று யார் சொன்னது?

ஆரோக்கியராஜ் இறங்கி வந்தார். "டாங்க் ஓவர்ஃப்ளோ பைப்ல கிராக். தண்ணி நேரா இந்தச் சுவத்துக்குள்ள..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார்.

"இது யாருது?"

"என்னோடது."

"நீ கட்டிப் பாத்ததே இல்லையே."

"இல்ல."

சேலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, "இந்தப் பக்கம் ரெண்டு இன்ச் தூக்கியிருக்கு" என்று கிட்டே போய் ஓரத்தை இழுத்து நேராக்கினார். முப்பது வருடம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியும், அவருடைய அகராதியில் அதற்குப் பெயர் பாராட்டு.

வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த டப்பா

முதலில் ரத்னம்மாவிடம் அனுமதி கேட்கப் போனேன். வீட்டுக்கார அம்மா எங்களிடம் பாதி கன்னடம், பாதி தமிழ் பேசுவார்.

"பெயிண்ட் தானே? எந்தக் கலர் வேணா அடிச்சுக்கோ டீச்சர். ஆனா மொளெ ஹொடீபேடி. ஒரு ஆணி அடிச்சா கோடே ஹாளாகுத்தே" என்றார். ஆணி அடித்தால் சுவர் கெட்டுவிடும், அவ்வளவுதான் அவருக்குக் கவலை.

பைப்பை ஆரோக்கியராஜ் ஒரே மாலையில் மாற்றிவிட்டார். சுவரைச் சுரண்டினோம். தூசியில் இருவரும் மாவு மில்லில் வேலை செய்பவர்கள்போல ஆனோம். ஒரு டேபிள் ஃபேனைச் சுவரைப் பார்த்து வைத்து நாட்கணக்கில் காயவிட்டோம். தினமும் வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் சுவரில் கையை வைத்துப் பார்ப்பார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல.

பெயிண்ட் கடை பாய் என் பழைய மாணவியின் அப்பா. கடையில் கலர் கலந்த பிறகு வாடிக்கையாளர் வேண்டாம் என்று விட்டுப்போன டப்பாக்கள் ஒரு மூலையில் இருக்கும். விலை குறைவாகத் தருவார்கள். விசாரித்தேன்.

"ஒண்ணு இருக்கு டீச்சர். ஒரு மேடம் கலக்கச் சொல்லிட்டு, மூடியைத் திறந்ததும் பயந்து போயிட்டாங்க. ரொம்ப நாளா உக்காந்திருக்கு. எடுத்துட்டுப் போங்க, பாதி ரேட்டு. லேகின் வாபஸ் கேக்கக் கூடாது."

மூடியைத் திறந்தார். பாதாமி மாம்பழத்தை நறுக்கினால் உள்ளே தெரியுமே, அதே நிறம்.

"வாபஸ் கேக்க மாட்டேன் பாய்" என்றேன்.

ஒரு சனிக்கிழமை பெரிய சுவருக்கு இரண்டு கோட் அடித்தோம். ரோலரைப் பிடிப்பது எப்படி என்று அவர் எனக்கு மூன்று முறை சொல்லிக்கொடுத்தார். நான் மூன்று முறையும் என் இஷ்டத்துக்கே பிடித்தேன்.

ஆணியில்லாத வீடு

இருபத்தைந்து பேர் எங்கே உட்காருவார்கள் என்று ஒரு சாயங்காலம் அவரே கேட்டார். நான் கேட்கவில்லை.

பொம்மசந்திராவில் வெளிநாட்டு இயந்திரங்கள் வரும்போது பைன் மரப் பெட்டிகளில் வரும். பிரித்த பிறகு பலகைகளைக் கழிவாகத் தள்ளிவிடுவார்கள். கம்பெனியில் கேட்டு, கேட் பாஸ் வாங்கி, ஒரு டெம்போவில் கொண்டுவந்தார். மொட்டைமாடியில் ரம்பமும் உப்புத்தாளுமாக உட்கார்ந்தார். இரண்டு வாரத்தில் சுவரோரமாக நீளப் பெஞ்சுகள் வந்தன. பலகையைத் தூக்கினால் உள்ளே பெட்டி. எங்கள் அட்டைப் பெட்டிச் சாமான்கள் ஒவ்வொன்றாக அதற்குள் இறங்கின. ஹாலுக்குத் தரை இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆணி அடிக்காமல் எதையும் மாட்டுவது எப்படி? அதற்கும் வழி கண்டுபிடித்தார். தரைக்கும் கூரைக்கும் நடுவே இரண்டு மரக்கால்கள். முனைகளில் ரப்பர். கீழே ஒரு போல்ட். திருகினால் கால் நீண்டு இரண்டு பக்கமும் இறுகிக்கொள்ளும். நடுவில் குறுக்குச் சட்டங்கள், அலமாரித் தட்டுகள். ரசமட்டத்தை வைத்து ஒவ்வொரு தட்டும் சாயாமல் நேராக இருக்கிறதா என்று சரிபார்த்தார். என் பெட்டிச் சேலைகளில் சிலவற்றை வெட்டி நான் தைத்த ஜன்னல் திரைகள், இயேசுவின் திரு இருதயப் படம், மகளின் கல்யாணப் போட்டோ எல்லாம் அந்தச் சட்டத்தில்தான் தொங்கின. ரத்னம்மா மேலே வந்து சுவரைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் அகப்படாமல் இறங்கிப் போனார்.

விளக்கு என் பங்கு. வருடக் கடைசியில் பிள்ளைகள் என் தமிழ் வகுப்பில் விட்டுப்போகும் கையெழுத்து நோட்டுகளை நான் தூக்கி எறிவதில்லை. அவர் கம்பியில் ஒரு கூடு வளைத்துக் கொடுத்தார். நான் அந்தத் தாள்களை ஒட்டினேன். பல்பைப் போட்டதும் பெங்களூர்ப் பிள்ளைகளின் 'ழ'கரங்கள் அத்தனையும் ஒளிவிட்டன. பாதிக்கு மேல் 'ள' என்றுதான் எழுதியிருந்தது. சிவப்பு மையில் நான் போட்ட வட்டங்களோடு.

ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தேன். அலமாரித் தட்டில் குட்டிக் குட்டி வீடுகள் வரிசையாக நின்றன. பையைக்கூட இறக்காமல் கிட்டே போனேன்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் குடிலில் வைப்பதற்காக அவர் ஒரு புது வீடு செய்வார். தகரத்துண்டு, மரத்துண்டு, எது கிடைக்கிறதோ அதில். கதவு திறக்கும், ஜன்னல் மூடும். முப்பதுக்கு மேல் இருந்தன. வீடு மாறியபோது ஒரு பெட்டியில் போட்டு ஒட்டியவர், அதற்குப் பிறகு குடிலே வைக்கவில்லை.

"கிறிஸ்துமஸ் இன்னும் எவ்வளவோ நாள் இருக்கே?" என்றேன் மெதுவாக.

"வீடுதானே. எப்பவும் இருக்கலாம்" என்றார். ஒரு தகரக் கதவில் துரு பிடித்திருந்ததைத் துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரு போன்

செபத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஷீலா பார்க்க வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, இது என்ன... கல்யாண மண்டபம் மாதிரி? தப்பா எடுத்துக்காதீங்க. வர்றவங்க பின்னால போய்ச் சிரிப்பாங்க. நம்ம அபார்ட்மெண்ட்ல பார்ட்டி ஹால் இருக்கு. நான் புக் பண்றேன், அங்க வச்சுக்கலாம்."

அவள் போனபிறகு பெஞ்சில் உட்கார்ந்தேன். கேட்டில் நின்ற அந்தப் பழைய அம்மாள் மறுபடியும் வந்து என்னை மேலும் கீழும் பார்ப்பதுபோல இருந்தது. சுவர் கத்துவதுபோலத் தோன்றியது. எல்லாம் அதிகம். எல்லாம் பளிச்.

அரைமணி நேரத்தில் ஸ்டீபன் சார் போன். "டீச்சர், ஷீலா சொன்னாங்க. பார்ட்டி ஹால்னா லிஃப்ட் இருக்கு, எல்லாருக்கும் வசதி. நீங்க சிரமப்பட வேணாம். அங்கயே மாத்திடட்டுமா?"

மறுபடியும் அந்தச் சிரமம். "சரிங்க சார்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லியிருப்பேன். ஆரோக்கியராஜ் எழுந்து வந்து என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"சார், நான் ஆரோக்கியராஜ் பேசறேன். செபம் எங்க வீட்லதான். ஞாயித்துக்கிழமை நாலு மணி. மாடிப்படி கொஞ்சம் செங்குத்து, பாத்து ஏறி வரச் சொல்லுங்க. நான் கீழ நின்னு எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன்."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பெஞ்சுக்கு உப்புத்தாள் போட ஆரம்பித்தார்.

"ஓவர்டைம்?" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை யார் போவா" என்றார்.

நான்கு மணி

ஞாயிறு மூன்றரைக்கு நான் கிளிப்பச்சைச் சேலையைக் கட்டினேன். அரக்கு பார்டர். மடிப்பை இரண்டு தடவை பிரித்து வைத்தேன். வெளியே வந்து அவர்முன் நின்றேன்.

"எனக்கு எடுக்குதா?"

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். போடாமல் பார்த்தார். "இத்தனை வருஷம் இதைப் பெட்டியில வச்சிருந்தியா நீ?" என்றார். குரலில் நிஜமான கோபம். அப்படியொரு நல்ல கோபத்தை நான் அதற்குமுன் சந்தித்ததில்லை.

கீழே அவர் குரல் கேட்டது. "வாங்க, வாங்க. கைப்பிடியைப் பிடிச்சு ஏறுங்க." அந்த "வாங்க" என் காதில் விழுந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

முதலில் வந்தவர் லூர்துமேரி. மூச்சு வாங்க ஏறி வந்து, வாசலில் நின்று, "அய்யோ!" என்றார். போச்சு என்று நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சுவரிடம் போய் உள்ளங்கையை வைத்தார்.

"டீச்சர், உங்க வீட்டுக்குள்ள வந்ததும் எனக்குப் பசிக்குது" என்றார்.

பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு என் பயம் போயிற்று.

இருபத்தாறு பேர். தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். செபமாலையில் மூன்றாவது பத்து மணிகளை உருட்டிக்கொண்டிருந்தபோது எதிர்க் கட்டடத்து வெயில் வந்தது. திரைகளில் நுழைந்து, மாம்பழச் சுவரில் பட்டு, எல்லோர் முகத்திலும் விழுந்தது. செபம் சொல்லிக்கொண்டிருந்த ஸ்டீபன் சார் ஒரு நொடி நிறுத்தி, அண்ணாந்து பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். பாட்டு ஆரம்பித்தபோதுதான் கவனித்தேன், சின்ன அறையில் பாட்டு எவ்வளவு பெரிதாகக் கேட்கிறது என்று. பெஞ்சுப் பலகையெல்லாம் அதிர்ந்தது.

வழக்கமாகக் காபி குடித்த கால்மணியில் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். அன்றைக்குச் சுண்டலும் வடையும் தீர்ந்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டு பேர் விளக்கின் கீழே நின்று என்னிடம் படித்த தங்கள் பிள்ளைகளின் கையெழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியராஜ் ஒவ்வொரு குட்டி வீட்டின் கதவையும் திறந்து காட்டி, எது எதில் செய்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அவ்வளவு பேசி நான் பார்த்தே பல வருடம்.

ஸ்டீபன் சார் என்னருகே வந்தார். இப்போதும் குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், ஆறு வருஷமா உங்களைத் தாண்டித் தாண்டிப் போயிட்டேன். நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன். மன்னிச்சுக்குங்க."

"நானும்தான் சார் தாண்டிப் போனேன்" என்றேன்.

ஷீலா கிளம்பும்போது, "இன்னும் கொஞ்சம் ஜாஸ்தின்னுதான் எனக்குத் தோணுது அக்கா" என்றாள். பொய் சொல்லாத பெண். பிறகு திரையைத் தொட்டு, "இந்த மயில்கழுத்து நீலத்தை எனக்குத் தர்றீங்களா? என் ஹால்ல ஒரே ஒரு இடத்துக்கு" என்றாள்.

"தர மாட்டேன். நீ போய் உனக்குப் பிடிச்சதை வாங்கு" என்றேன். அப்படி மறுத்துப் பேசியது எவ்வளவு ருசியாக இருந்தது தெரியுமா?

எல்லோரும் போனபிறகு ஒரு பெண் மட்டும் சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டு நின்றாள். பெயர் ஜெயா. எங்கள் வயதுதான். ஒரு ஆபீஸ் கேண்டீனில் சமைக்கிறாள். தனியாக இருக்கிறாள். எங்கள் அன்பியத்துக்கு வர ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதுவரை அவள் குரலையே நான் சரியாகக் கேட்டதில்லை.

"டீச்சர், என் ரூம்ல ஆணி அடிக்கலாம். ஓனர் ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்றாள் திரும்பாமல். "மாட்டறதுக்குத்தான் எங்கிட்ட எதுவும் இல்ல."

அடுத்த சனிக்கிழமை நானும் அவரும் அவள் அறைக்குப் போனோம். எட்டடிக்குப் பத்தடி. ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், கயிற்றில் துணி. வெளுத்துப்போன சுண்ணாம்புச் சுவர். ஆரோக்கியராஜ் டேப்பை இழுத்து அளந்து, பாக்கெட் நோட்டில் குறித்துக்கொண்டார்.

"உனக்கு என்ன கலர் பிடிக்கும் ஜெயா?" என்று கேட்டேன்.

"எதுவா இருந்தாலும் பரவாயில்ல டீச்சர்."

அந்தப் பதிலை எனக்கு நன்றாகத் தெரியும். நாற்பது வருடம் நான் சொன்ன பதில். கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன். "அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லு" என்றேன். அவரும் டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, பென்சிலோடு காத்திருந்தார். சந்தில் காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். ஜெயா சுவரைப் பார்த்தாள். ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு அவள் கண் போய்வந்தது.

"கத்திரிப்பூ கலர்" என்றாள் கடைசியில். "வெளிறினது வேணாம். நல்லா அடிக்கிற கத்திரிப்பூ."

ஆரோக்கியராஜ் எழுதிக்கொண்டார். "எந்தச் சுவத்துக்கு?"

ஜெயா நிமிர்ந்து நின்றாள்.

"நாலுக்கும் சார்."